தேயிலை ரோலரில் தொடங்குங்கள்: மலையகத்தில் லெகோ இயந்திர மாதிரி செய்யப் புதிதாக வருவோருக்கு

லெகோவில் இயந்திரம் செய்ய ஆசைப்படும் பெரியவர்கள் பலரும் முதலில் தேடுவது பெரிய பெட்டியைத்தான். வெளிநாட்டிலிருந்து வரும் உறவினரிடம் சொல்லி, ஆயிரக்கணக்கான துண்டுகள் உள்ள ஒரு காரையோ கிரேனையோ வரவழைப்பார்கள். படத்தைப் பார்த்துப் பார்த்துப் பூட்டி முடித்து அலுமாரியில் வைப்பார்கள். அத்தோடு சரி. உள்ளே இருக்கும் கியர்பெட்டி எப்படி வேலை செய்கிறது, ஏன் அந்த இடத்தில் அந்தக் கியர் என்று கேட்டால் பதில் இருக்காது. அவர்கள் மேல் பிழையில்லை. படத்தைப் பார்த்துப் பூட்டுவது ஒரு திறமை, இயந்திரத்தை யோசித்துக் கட்டுவது வேறு திறமை.

இரண்டாவதைக் கற்க மலையகத்தை விட நல்ல இடம் கிடைப்பது கஷ்டம். கொழுந்தைச் சுருட்டும் ரோலர், தூளைச் சலிக்கும் சல்லடை, ரயில் நிலையத்தில் கம்பியால் இழுபடும் கைகாட்டி எல்லாம் நம்மைச் சுற்றியே இருக்கின்றன. அவை மெதுவாக ஓடுபவை, பாகங்கள் வெளியில் தெரிபவை. நின்று பார்த்தால் எது எதைத் தள்ளுகிறது என்று விளங்கும். இன்றைய காரின் எஞ்சினைத் திறந்து பார்த்தால்கூட அவ்வளவு தெரியாது. ஆகவே முதல் மாதிரியாகத் தேயிலை ரோலரைச் செய்யும்படி இங்கே சொல்கிறோம். துண்டுகள் 83. கியர் இரண்டே இரண்டு. ஆனால் அதைச் சரியாக ஓட வைத்தவருக்கு இந்தப் பொழுதுபோக்கின் பாதி கைக்குள் வந்துவிடும்.

எதை வாங்குவது

லெகோ நிறுவனம் 1977-இல் கொண்டுவந்த டெக்னிக் வகைதான் நமக்கு வேண்டியது. வீடு கட்டும் சாதாரணக் கற்களை வைத்து இதைச் செய்ய முடியாது. டெக்னிக்கில் நான்கு சாதிப் பொருட்கள் உண்டு: வரிசையாகத் துளை உள்ள பீம்கள், பீமையும் பீமையும் சேர்க்கும் பின்கள், சிலுவை வடிவில் வெட்டப்பட்ட அச்சுத் தண்டுகளான எக்ஸல்கள், எக்ஸலில் ஏறும் கியர்களும், அவை வழுக்கிப் போகாமல் அடைக்கும் சின்ன வளையங்களான புஷ்களும்.

லெகோவின் கல் காப்புரிமை 1958-ஆம் ஆண்டினது, காலாவதியாகி நெடுங்காலம். அதனால் காடா, மோல்ட் கிங் போன்ற சீன நிறுவனங்களும் அதே அளவில் துண்டுகள் செய்கின்றன. ஒன்றோடொன்று பொருந்தும், விலையும் குறைவு. தொடங்குபவர் அவற்றை வாங்கத் தயங்க வேண்டியதில்லை என்பது எங்கள் கருத்து. ஆனால் பெயரில்லாத பொதிகளில் கவனம் தேவை. மூன்று சோதனைகள் போதும்.

முதலாவது, 15 துளைப் பீம்கள் இரண்டை ஒன்றன்மேல் ஒன்று வைத்து, முதல் துளையிலும் கடைசித் துளையிலும் பின் போடுங்கள். இரண்டும் சிரமமின்றி இறங்க வேண்டும். ஒரு பக்கம் போட்டால் மறுபக்கம் இறங்கவில்லை என்றால் பீமின் நீளம் பிழை. அந்தப் பொதியை விட்டுவிடுங்கள், நீளப் பிழையை எதனாலும் சரிசெய்ய முடியாது. இரண்டாவது, எக்ஸலைப் பீமின் வட்டத் துளையில் விட்டுச் சரித்தால் அது தானாக வழுக்கி விழ வேண்டும். மூன்றாவது, அதே எக்ஸலைக் கியரின் சிலுவைத் துளையில் ஏற்றித் தலைகீழாகப் பிடித்தால் கியர் விழாமல் நிற்க வேண்டும்.

புதுப் பெட்டியாக வாங்குவதானால் 200 முதல் 400 துண்டுகள் உள்ள, கியர் இருக்கும் ஒன்று போதும். மேலே ஓடு அழகாக இருந்து உள்ளே கியரே இல்லாத பெட்டிகளும் டெக்னிக் என்ற பெயரில் வருகின்றன. அட்டைப்பெட்டியின் பின்பக்கப் படத்தில் எது அசைகிறது என்று பார்த்து வாங்குங்கள். வெளிநாட்டிலிருந்து யாராவது கொண்டுவருவதானால் பெட்டியைப் பிரித்து, உள்ளே இருக்கும் பொதிகளை மட்டும் பயணப் பெட்டிக்குள் வைக்கச் சொல்லுங்கள். பாரம் அவ்வளவில்லை, இடத்தை அடைப்பதெல்லாம் அட்டையும் காற்றும்தான். புத்தகத்தையும் தூக்கிவர வேண்டியதில்லை. லெகோ பெட்டிகளின் செய்முறைப் புத்தகங்கள் அவர்களது இணையத்தளத்தில் பெட்டி இலக்கத்தைக் கொடுத்தால் இலவசமாகக் கிடைக்கும்.

பின்களின் நிறத்தைப் படியுங்கள்

புதியவர்களின் மாதிரி இறுகிப்போய் ஓடாமல் நிற்பதற்கு முதல் காரணம் பின்தான். கறுப்புப் பின்னில் சின்ன வரம்புகள் உண்டு, அவை துளைக்குள் உரசிப் பிடிக்கும். அசையக்கூடாத இணைப்புக்கு அது. வெளிர்சாம்பல் பின் வழவழப்பானது, சுழலும் மூட்டுக்கு அது. மூன்று துளை நீளப் பின்னில் நீலம் உரசும், மணல்நிறம் உரசாது. ஒரு பக்கம் பின், மறுபக்கம் எக்ஸல் என்று இருப்பதிலும் அப்படியே: நீலம் உரசும், மணல்நிறம் உரசாது. சீனப் பொதிகளில் நிறம் மாறி வரலாம். சந்தேகம் என்றால் பின்னைத் துளையில் போட்டு விரலால் சுழற்றிப் பாருங்கள்.

எக்ஸலின் நீளத்தைத் துளைக் கணக்கில் சொல்வார்கள். 5 என்றால் ஐந்து துளை அகலம், 40 மில்லிமீற்றர். அளக்க அடிமட்டம் வேண்டாம், ஒரு பீமின் பக்கத்தில் வைத்துத் துளைகளை எண்ணினால் போதும்.

எட்டு மில்லிமீற்றர் கணக்கு

இந்த உலகம் முழுவதும் 8 மில்லிமீற்றரில் ஓடுகிறது. ஒரு துளையின் நடுவிலிருந்து அடுத்த துளையின் நடு வரை 8. எது செய்தாலும் இரண்டு எக்ஸல்களுக்கு இடையிலான தூரம் 8-இன் மடங்காக வர வேண்டும். வராவிட்டால் துளை கிடைக்காது.

கியர்களைச் செய்தவர்கள் இதற்கு வசதியாக ஒன்று செய்திருக்கிறார்கள். நேர்ப்பல் கியரில் எத்தனை பல்லோ, அது பல் பொருந்தும் வட்டத்தின் விட்டம், மில்லிமீற்றரில். 24 பல் கியரின் விட்டம் 24, ஆரம் 12. 8 பல் கியரின் ஆரம் 4. இரண்டையும் பொருத்தினால் 12-உம் 4-உம் சேர்ந்து 16, அதாவது சரியாக இரண்டு துளை. இதிலிருந்து ஒரு விதி வருகிறது, இதை மட்டும் மனப்பாடம் செய்யுங்கள்: இரண்டு கியர்களின் பற்களைக் கூட்டினால் 16-ஆல் மீதியின்றிப் பிரிய வேண்டும். 8-உம் 24-உம், 16-உம் 16-உம், 12-உம் 20-உம் சேர்ந்தால் 32, இரண்டு துளைத் தூரம். 24-உம் 24-உம், 8-உம் 40-உம், 20-உம் 28-உம், 12-உம் 36-உம் சேர்ந்தால் 48, மூன்று துளை. 24-உம் 40-உம் என்றால் 64, நான்கு துளை.

16-ஐயும் 24-ஐயும் சேர்க்கப் பார்த்துத் தலையைப் பிய்த்துக்கொள்ளாத புதியவர் குறைவு. கூட்டினால் 40, அது இரண்டரைத் துளை. நேர்வரிசையில் அதற்கு இடமே இல்லை. உங்கள் கையில் குறையில்லை, கணக்கில்தான் இடமில்லை.

வேகம் குறைந்தால் பலம் கூடும். 8 பல் ஓட்டி, 24 பல் ஓடினால் மூன்று சுற்றுக்கு ஒரு சுற்று, பலம் ஏறத்தாழ மூன்று மடங்கு. உரசலில் கொஞ்சம் போகும். திருகாணி போல் இருக்கும் புழுக்கியர் வேறு மாதிரி: ஒரு சுற்றுக்கு ஒரே ஒரு பல்லை மட்டும் நகர்த்தும். அதை 24 பல் கியரில் போட்டால் 24-க்கு ஒன்று. மறுபக்கமிருந்து தள்ளினாலும் திரும்பாது என்பதால் பாரம் தூக்கும் வேலைக்கு நல்லது. ஆனால் அது எக்ஸலை நீளவாக்கில் தள்ளிக்கொண்டே இருக்கும். இரு முனையிலும் புஷ் போட்டு அடைக்காவிட்டால் ஓடிப்போய் வெளியே நிற்கும்.

சட்டம் சரியாமல் இருக்க

நான்கு பீம்களை நான்கு மூலையிலும் ஒவ்வொரு பின்னால் சேர்த்துப் பாருங்கள். பார்க்கப் பெட்டி மாதிரி இருக்கும், தொட்டால் சரியும். ஒரு பின் என்பது ஒரு கீல். மூலை அசையாமல் நிற்க வேண்டுமானால் ஒவ்வொரு பீமிலும் இரண்டு பின் விழும்படி எல் வடிவப் பீம் வைக்க வேண்டும், அல்லது குறுக்கே ஒரு பீம் போட்டு முக்கோணம் ஆக்க வேண்டும். குறுக்குப் பீமுக்கு 6, 8, 10 என்ற தூரம் அருமையாகப் பொருந்தும், ஏனென்றால் அவை 7, 9, 11 துளைப் பீம்கள், மூன்றும் எளிதில் கிடைப்பவை. தூரத்தை விடத் துளை ஒன்று கூடுதலாக இருப்பதைக் கவனியுங்கள். எண்ணும்போது இந்த இடத்தில்தான் கை தடுமாறும்.

குமிழ் உள்ள பழைய வகைத் துளைக்கற்கள் கையில் இருந்தால் இன்னொரு கணக்கும் தேவை. கல்லின் உயரம் 9.6, தட்டின் உயரம் 3.2. கல்லின்மேல் கல்லை நேராக வைத்தால் துளைத் தூரம் 9.6 ஆகிவிடும், பீம் பொருந்தாது. இடையில் இரண்டு தட்டு வையுங்கள். 9.6-உம் 6.4-உம் சேர்ந்து 16 ஆகும், மேல்துளையும் கீழ்த்துளையும் சரியாக இரண்டு துளைத் தூரத்தில் நிற்கும்.

ரோலர் எப்படி ஓடுகிறது

தொழிற்சாலையில் ரோலரைப் பக்கத்தில் நின்று பார்த்தவர்களுக்கு அந்த அசைவு நினைவிருக்கும். கொழுந்து போட்ட பெரிய உருளை மேசைக்கு மேல் வட்டம் போடும், ஆனால் தான் சுழலாது. உருளையின் முன்பக்கம் எப்போதும் முன்னாலேயே இருக்கும். தொழிற்சாலைக்குப் போய்ப் பார்க்க வசதியில்லாதவர்கள் கண்டி ஹந்தானையில் உள்ள தேயிலை அருங்காட்சியகத்துக்குப் போகலாம். 1925-இல் கட்டிய பழைய தொழிற்சாலைக் கட்டடம் அது, பழைய ரோலர்கள் உள்ளே இருக்கின்றன. ஓடும் தொழிற்சாலையில் படம் எடுப்பதானால் அனுமதி கேட்டு, பெல்ட்டிலிருந்து தள்ளி நின்று, நான்கு பக்கத்திலும் மேலிருந்தும் எடுங்கள்.

அந்த அசைவைத் தருவது மூன்று கிராங்க், அதாவது ஒரு முனை அச்சில் பூட்டப்பட்டு மறுமுனை வட்டம் போடும் கைகள். மூன்றும் ஒரே நீளம், ஒரே திசை. மேலே உள்ள சட்டம் மூன்றின் நுனியிலும் உட்கார்ந்திருக்கும். ஏன் மூன்று? இரண்டு மட்டும் இருந்தால், இரண்டு கிராங்கும் அவற்றைச் சேர்க்கும் பீமும் ஒரே நேர்கோட்டில் வரும் கணம் ஒன்று உண்டு. அந்தக் கணத்தில் பின்னால் வரும் கிராங்குக்கு எந்தப் பக்கம் திரும்புவது என்ற கட்டாயம் எதுவும் இல்லை. எதிர்ப்பக்கம் திரும்பிவிட்டால் எல்லாம் சிக்கிக்கொள்ளும். மூன்றாவது கிராங்கை அந்தக் கோட்டுக்கு வெளியே வைத்தால், மற்ற இரண்டும் தடுமாறும் கணத்தில் அது சட்டத்தைச் சரியான பக்கம் தள்ளிவிடும்.

வேண்டிய துண்டுகள்

15 துளைப் பீம் 2, 11 துளைப் பீம் 2, 9 துளைப் பீம் 4, 3 துளைப் பீம் 1. மூன்றுக்கு ஐந்து அளவுள்ள எல் பீம் 8. ஒரு பக்கம் சிலுவைத் துளையும் மறுபக்கம் வட்டத் துளையும் உள்ள இரண்டு துளைக் கட்டை 4 (இவைதான் நம் கிராங்க்). 5 நீள எக்ஸல் 3, 9 நீள எக்ஸல் 1. 24 பல் கியர் 1, 8 பல் கியர் 1. முழுப் புஷ் 2, அரைப் புஷ் 8. கறுப்புப் பின் 34, வெளிர்சாம்பல் பின் 3, மூன்று நீள மணல்நிறப் பின் 1. நீல எக்ஸல் பின் 4, இரண்டு நீள எக்ஸல் இணைப்பான் 4.

பூட்டும் முறை

1. கீழ்ச்சட்டம். 15 துளைப் பீம்கள் இரண்டையும் துளை மேல் நோக்கும்படி படுக்க வையுங்கள், ஒன்று முன்னால், ஒன்று பின்னால். இரண்டின் முதல் துளைகளுக்கும் நடுவில் ஒரு 9 துளைப் பீம், கடைசித் துளைகளுக்கு நடுவில் இன்னொன்று. இப்போது முன் வரிசைக்கும் பின் வரிசைக்கும் இடையே 10 துளைத் தூரம். நான்கு மூலையிலும் எல் பீமை மேலே வையுங்கள்: நீளக் கை 15 துளைப் பீமின்மேல், குட்டைக் கை 9 துளைப் பீமின்மேல். நீளக் கையில் இரண்டு, குட்டைக் கையில் இரண்டு என மூலைக்கு நான்கு கறுப்புப் பின். முன் பீமின் 1, 3, 13-ஆம் துளைகளில் பின் போடாதீர்கள், அவை எக்ஸலுக்கு. குழம்பாமல் இருக்க நீளக் கையின் பின்களை மூலையிலிருந்து எண்ணி 2-ஆம், 4-ஆம் துளைகளில் போடுங்கள்.

2. பின் பீமின் நடுத் துளை 8-ஆவது. அதன்மேல் 3 துளைப் பீமை வைத்து 7-இலும் 9-இலும் பின் போடுங்கள். மூன்றாவது கிராங்கின் எக்ஸல் இதன் நடுவால் இறங்கும். பீம் ஒன்றின் தடிப்பில் மட்டும் எக்ஸலை நிறுத்தினால் சாயும், இரண்டு தடிப்பு இருந்தால் நேராக நிற்கும். முன் பக்கத்தில் அந்த வேலையை எல் பீம் பார்த்துக்கொள்கிறது.

3. கால்கள். பக்கத்து 9 துளைப் பீம்களின் 3-ஆம், 7-ஆம் துளைகளில் கீழிருந்து நீல எக்ஸல் பின்னைக் குத்தி, ஒவ்வொன்றிலும் ஓர் எக்ஸல் இணைப்பானை ஏற்றுங்கள். 16 மில்லிமீற்றர் உயரம் கிடைக்கும், கியருக்கு அது போதும்.

4. கிராங்குகள். முன் பீமின் 3, 13, பின் பீமின் 8 ஆகிய துளைகளில் 5 நீள எக்ஸல்களை நிறுத்துங்கள். மேலிருந்து கீழாக அடுக்கு இப்படி: கிராங்க், அரைப் புஷ், எல் பீம் (பின்னால் 3 துளைப் பீம்), 15 துளைப் பீம், கியர் அல்லது முழுப் புஷ், அரைப் புஷ். ஒன்று, அரை, ஒன்று, ஒன்று, ஒன்று, அரை, மொத்தம் ஐந்து. 24 பல் கியர் முன் இடது எக்ஸலுக்கு மட்டும், மற்ற இரண்டுக்கும் அந்த இடத்தில் முழுப் புஷ். எக்ஸலின் மேல்நுனி கிராங்கின் மேற்பரப்போடு மட்டமாக இருக்க வேண்டும். நகத்தால் தடவிப் பாருங்கள். ஒரு மில்லிமீற்றர் துருத்தினாலும் மேலே வரும் சட்டத்தில் இடிக்கும்.

5. சட்டத்தைப் போடுவதற்கு முன் ஒவ்வொரு கிராங்கையும் விரலால் சுண்டிவிடுங்கள். தானாக இரண்டொரு சுற்றுச் சுற்ற வேண்டும். சுண்டியதும் நின்றுவிட்டால் புஷ் பீமை நெரிக்கிறது, ஒரு தாள் நுழையும் அளவுக்குத் தளர்த்துங்கள். இந்தப் படியை விட்டுவிட்டு மேலே போகவே வேண்டாம். ஒன்று இறுகியிருந்தால் மூன்றும் சேர்ந்தபின் எது இறுகுகிறது என்று கண்டுபிடிக்க முடியாது.

6. கைப்பிடி. முன் பீமின் முதல் துளையால் 9 நீள எக்ஸலை இறக்குங்கள். கீழே 8 பல் கியர், அதன் கீழ் அரைப் புஷ். பீமின் மேல் இன்னோர் அரைப் புஷ். முதல் துளைக்கும் மூன்றாம் துளைக்கும் இடையே இரண்டு துளைத் தூரம், 8-உம் 24-உம் கச்சிதமாகப் பல் கோக்கும். எக்ஸலின் மேல்நுனியில் நான்காவது கட்டையை ஏற்றி, அதன் வட்டத் துளையில் மணல்நிறப் பின்னின் குட்டைப் பக்கத்தைக் குத்துங்கள். மேலே நீட்டி நிற்கும் நீளப் பக்கத்தைப் பிடித்துச் சுற்றலாம்.

7. மேல்சட்டம். கீழ்ச்சட்டத்தைப் போலவே, ஆனால் முன்னும் பின்னும் 11 துளைப் பீம். பக்கங்களில் அதே 9 துளைப் பீம். எல் பீம்கள் மேலே, மூலைக்கு நான்கு பின். மூலைத் துளைகளிலும், பின் பீமின் நடுவான 6-ஆம் துளையிலும் ஒன்றும் போடாதீர்கள். 11 துளைப் பீமைத் தேர்ந்தது காரணத்தோடுதான்: 15 போட்டால் அது வட்டமடிக்கும்போது கைப்பிடி எக்ஸலில் மோதும்.

8. மூன்று கிராங்கையும் ஒரே திசைக்குத் திருப்புங்கள், உதாரணமாக மூன்றும் உங்களைப் பார்க்கட்டும். அவற்றின் வட்டத் துளைகளில் வெளிர்சாம்பல் பின்களைக் குத்தி, மேல்சட்டத்தின் முன் இரு மூலைகளையும் பின் நடுத்துளையையும் அவற்றின்மேல் ஒரே நேரத்தில் அமர்த்துங்கள். கைப்பிடியைச் சுற்றுங்கள். மூன்று சுற்றுக்குச் சட்டம் ஒரு வட்டம் போடும்.

சட்டத்தின் நடுவில் உருளையை எதைக் கொண்டும் செய்யலாம். யோகட் கோப்பையின் அடியை வெட்டி வைத்தாலும் ஓடும். உள்ளே காய்ந்த இலை கொஞ்சம் போட்டு, அது எப்படிப் புரண்டு வருகிறது என்று பாருங்கள்.

ஓடவில்லை என்றால்

சுற்றும்போது ஒரே இடத்தில் மட்டும் இறுகுகிறதா? மூன்று கிராங்கும் ஒன்றுக்கொன்று சரியாக இணையாக இருக்கின்றனவா என்று மேலிருந்து பாருங்கள். இருந்தால், மேல்சட்டம் சரிந்திருக்கிறது. நான்கு மூலைப் பின்களையும் கட்டை விரலால் அழுத்தி உள்ளே தள்ளுங்கள், பாதி இறங்கிய பின் ஒன்று போதும் சட்டத்தைக் கோணலாக்க. சுற்று முழுவதும் இறுக்கம் என்றால் கிராங்கின் நுனியில் கறுப்புப் பின் போய்விட்டதா என்று பாருங்கள். டக் டக் என்று சத்தத்தோடு கியர் நழுவினால் எக்ஸல் சாய்கிறது என்று பொருள். இந்த மாதிரியில் அதற்குக் காரணம் பெரும்பாலும் எல் பீமை மூலையிலிருந்து ஒரு துளை தள்ளி வைத்தது. வேறு எந்த மாதிரியிலும் இதுவே விதி: கியருக்குப் பக்கத்துத் துளையிலேயே எக்ஸலுக்குத் தாங்கல் இருக்க வேண்டும், முடிந்தால் இருபுறமும்.

எண்ணெய் மட்டும் விடாதீர்கள். சைக்கிளுக்கு விடும் எண்ணெய் தூசியைப் பிடித்துப் பசையாகிவிடும், சில வகைகள் பிளாஸ்டிக்கையே கெடுக்கும். சரியாகப் பூட்டிய மாதிரி காய்ந்தபடியே ஓடும். இறுகிய பின்னைப் பல்லால் இழுக்கும் பழக்கமும் வேண்டாம், பின்னின் விளிம்பு நசுங்கிவிடும். எதிர்ப்பக்கத்திலிருந்து எக்ஸல் ஒன்றால் குத்தினால் வெளியே வந்துவிடும்.

மோட்டர் போடுவது

கையால் ஒரு தடங்கலும் இல்லாமல் ஓடிய பிறகுதான் மோட்டர். இறுகும் மாதிரியை மோட்டர் காப்பாற்றாது, கியரைத்தான் தின்னும்.

டெக்னிக் மோட்டர் 8-க்கு 24 என்ற ஒரே குறைப்பில் ஓட்டினால் ரோலர் ஆவேசமாகச் சுற்றும், உண்மையான ரோலரின் நிதானம் வராது. இன்னொரு குறைப்பு வையுங்கள். கைப்பிடியைக் கழற்றி 9 நீள எக்ஸலைக் கீழே இறக்கி, 8 பல்லுக்குக் கீழ் ஓர் அரைப் புஷ், அதன்கீழ் ஒரு 24 பல். சட்டத்துக்கு வெளியே இடப்பக்கம் இரண்டு துளை தள்ளி மோட்டர் எக்ஸல், அதில் 8 பல். மூன்று தரம் மூன்று, ஒன்பதுக்கு ஒன்று. கால்களை உயர்த்த ஒவ்வொரு இணைப்பானின் கீழும் 2 நீள எக்ஸல் போட்டு இன்னோர் இணைப்பானை ஏற்றுங்கள். புதிதாகச் சேர்க்கும் 24 பல் கியராக நடுவில் வழுக்கும் வெள்ளைக் கியர் கிடைத்தால் அதையே போடுங்கள். எங்காவது சிக்கினால் அது வழுக்கிக்கொடுக்கும், மோட்டர் பிழைக்கும்.

பெட்டரிப் பெட்டி ஆறு பென்டோர்ச் பெட்டரிகளில் ஓடும். சாதாரண ஆல்கலைன் ஆறு போட்டால் 9 வோல்ட், சார்ஜ் ஏற்றும் வகை ஆறு போட்டால் 7.2 வோல்ட். மோட்டர் கொஞ்சம் மெதுவாக ஓடும், ரோலருக்கு அது நல்லதே. சார்ஜ் ஏற்றும் வகையைத்தான் பரிந்துரைப்போம். ஆனால் மழைக்காலத்தில் மாதிரியை ஓரமாக வைத்துவிட்டு மறந்தால் எந்தப் பெட்டரியும் கசியலாம், நம் ஈரக் காற்றில் தகடு சீக்கிரம் பச்சை பிடிக்கும். ஓட்டி முடித்ததும் பெட்டரியைக் கழற்றிவிடுங்கள். பின்னேர இடி மழை அடிக்கும் சித்திரையிலும் ஐப்பசியிலும் சார்ஜரைச் சுவரில் விட்டுவைக்க வேண்டாம்.

வெளிச்சம், ஈரம், வெயில்

பனி மூடிய நாளில் ஜன்னல் வெளிச்சத்தில் கறுப்புப் பின்னையும் கருஞ்சாம்பல் பின்னையும் பிரிப்பது கண்ணுக்கு வேலை. வெள்ளைத் துணி விரித்த தட்டின்மேல் வேலை செய்யுங்கள், உருண்டு ஓடும் புஷ்கள் தரைக்குப் போகாமலும் இருக்கும். துண்டுகளை நிறத்தால் பிரிக்காதீர்கள், வடிவத்தால் பிரியுங்கள். கறுப்புக் குவியலுக்குள் ஒரு கறுப்புப் பின்னைத் தேடுவதைவிட, பின் குவியலுக்குள் கறுப்பைத் தேடுவது சுலபம். மாஜரின் டப்பாக்கள் போதும்: பின், எக்ஸல், கியரும் புஷ்ஷும், நீளப் பீம், குட்டைப் பீம், மற்றவை.

பிளாஸ்டிக்குக்கு ஈரம் ஒன்றும் செய்யாது, வெயில்தான் பகை. ஜன்னலோரம் வைத்தால் வெள்ளையும் சாம்பலும் மஞ்சளடிக்கும். இறப்பர் வளையங்களும் வெயிலில் வெடித்துப்போகும். பழைய துண்டுகளை வாங்கினால் 40 பாகைக்கு மேற்படாத வெந்நீரில் சவர்க்காரம் கரைத்துக் கழுவி, நிழலில் உலர்த்துங்கள். மோட்டரையும் பெட்டரிப் பெட்டியையும் தண்ணீரில் போடக்கூடாது. துளைக்குள் நிற்கும் நீர் நுவரெலியாப் பக்கம் காய இரண்டு மூன்று நாள் எடுக்கும். ஈரத்தோடு டப்பாவை மூடினால் பூஞ்சண வாடை அடிக்கும்.

அடுத்தது

ரோலர் ஓடிய பிறகு சல்லடையைச் செய்யுங்கள். அதே கிராங்க்தான், ஆனால் ஒன்றே ஒன்று. அதன் நுனியிலிருந்து ஒரு பீம் போய்த் தட்டை முன்னும் பின்னும் இழுக்கும். கிராங்க் 1 துளை என்றால் தட்டு 2 துளை ஆடும். அதன்பின் ரயில் கைகாட்டி. மலையக ரயில் பாதையில் கம்பியால் இழுக்கும் கைகாட்டிகள் இருப்பதால் நேரில் பார்த்து அளவு எடுக்கலாம். அதில் கற்க வேண்டியது நெம்புகோலும் எதிர்ப்பாரமும்: கம்பி அறுந்தால் கை தானாக நில் என்ற நிலைக்குத் திரும்ப வேண்டும். பீமின் பின்புறம் கொஞ்சம் பாரம் சேர்த்து அதை வரவழையுங்கள்.

கையில் இல்லாத துண்டுகளோடு யோசிக்க விரும்பினால் கணினியில் கட்டலாம். பிரிக்லிங்கின் ஸ்டூடியோ என்ற மென்பொருள் இலவசம், ஒருமுறை இறக்கிவிட்டால் இணையம் இல்லாமலும் வேலை செய்யும். 1995-இல் ஜேம்ஸ் ஜெஸ்ஸிமன் என்ற இளைஞர் தொடங்கிய எல்டிரோ என்ற துண்டுக் களஞ்சியமும் இலவசம்தான். ரீபிரிக்கபிள் தளத்தில் உங்களிடம் இருக்கும் பெட்டிகளின் இலக்கங்களைப் பதிந்தால், அவற்றைக் கொண்டு வேறென்ன செய்யலாம் என்று காட்டும். இணையத்தில் துண்டுகளை வாங்கும்போது ஒரே விற்பனையாளரிடம் பல மாதிரிக்கான துண்டுகளைச் சேர்த்து எடுங்கள். 34 பின்னுக்கு ஆகும் தபால் செலவும் 300 பின்னுக்கு ஆகும் தபால் செலவும் பெரிதாக வேறுபடாது. முதல் பட்டியலில் கறுப்புப் பின் 200, வெளிர்சாம்பல் பின் 50, அரைப் புஷ் 30, எல் பீம் 16, 8 பல்லும் 24 பல்லும் நான்கு நான்கு, 3 முதல் 9 வரையான எக்ஸல் நீளத்துக்கு ஆறு ஆறு என்று போட்டால் சல்லடைக்கும் கைகாட்டிக்கும் சேர்த்துப் போதும்.